சம உரிமைக்காக போராடின இடங்களை பசங்களுக்கு காட்டணும், சென்னையில எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

வியாசர்பாடி_வாசகி | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல சாயங்காலம் ஒரு படிப்பு வட்டம் நடத்துறோம், எட்டாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் பசங்க வர்றாங்க. லீவுல ஒரு நாள் வெளிய கூட்டிட்டு போகணும். மாமல்லபுரம், வண்டலூர்லாம் எல்லாரும் ஸ்கூல்லயே பாத்தாச்சு. தீண்டாமையை எதிர்த்து, பொண்ணுங்க படிப்புக்கு, ஓட்டுக்கு, கூலிக்குன்னு போராடினவங்க வாழ்ந்த, நடந்த, புதைக்கப்பட்ட இடங்களை பசங்க கண்ணால பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கேரளாவுல நடந்த வைக்கம் போராட்டம் பத்தி பாடத்துல வருது, பசங்க மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிடறாங்க. ஆனா எதுக்கு அந்த போராட்டம்னு கேட்டா கோயிலுக்குள்ள போறதுக்குன்னு சொல்றாங்க. உள்ள போறதுக்கு இல்ல, கோயிலைச் சுத்தி இருக்குற ரோட்டுல நடக்குறதுக்கு. 1924 மார்ச் 30, முதல் நாள் மூணு பேர் கிளம்பினாங்க, குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்த பணிக்கர் நாயர். நாயர் மட்டும் தனியா நடந்தா யாரும் தடுத்திருக்க மாட்டாங்க, மத்த ரெண்டு பேரையும் விட்டாத்தான் நானும் போவேன்னு நின்னதால மூணு பேரையும் பிடிச்சாங்க. அன்னிலேர்ந்து தினம் இப்படியே ஆளுங்க போய் நின்னாங்க, மழைக்காலத்துல வெள்ளம் வந்து கழுத்தளவு தண்ணி நின்னப்பவும் போய் நின்னாங்க. ஏப்ரல்ல பெரியார் போறாரு, ரெண்டு தடவை ஜெயில், நாகம்மையும் போய் வீடு வீடா பெண்களைத் திரட்டுறாங்க. 603 நாள் நடந்தும் கடைசியில மூணு பக்க ரோடுதான் திறந்துச்சு, கிழக்குப் பக்கம் திறக்கல.

அதே 1924-ல இங்க நம்ம சென்னை சட்டசபையில இரட்டைமலை சீனிவாசன் எந்திரிச்சு ஒரு தீர்மானம் கொண்டு வர்றாரு. பொது ரோடு, தெரு, கிணறு, குளம், சர்க்கார் ஆபீஸ் எதுலயும் யாரையும் தடுக்கக் கூடாதுன்னு. அது அரசாணையாவும் வந்துச்சு. அங்க ஒரு கோயிலைச் சுத்தி ரோட்டுக்காக ஆளுங்க ஜெயிலுக்கு போயிட்டிருக்கும்போதே இங்க ராஜதானி மொத்தத்துக்கும் ரோடு பொதுன்னு ஒருத்தர் எழுத்துல வாங்குறாரு, இது ரெண்டையும் சேத்து எந்த பசங்களுக்கும் யாரும் சொல்றதில்ல.

அதனால வேன் வெச்சு இறக்கி ஏத்துற டூரா இது இருக்கக் கூடாது, முடிஞ்ச வரைக்கும் நடந்து போகணும்னு நினைக்கிறேன். எந்த இடம், எந்த வரிசை, பசங்க வயசுக்கு எது சரி எது வேணாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஓட்டேரிக்காரன் | சனி, இரவு 9.40

அக்கா, எங்க ஏரியாவுல இருந்தே ஆரம்பிங்க. இரட்டைமலை சீனிவாசன் தாத்தாவோட சமாதி இங்க ஓட்டேரி இடுகாட்டுலதான், உரிமைக்களம்னு பேரு. செப்டம்பர் 18 நினைவு நாள், ஜூலை 7 பிறந்த நாள், அந்த ரெண்டு நாளும் மாலை போட கட்சிக்காரங்க, அமைப்புக்காரங்க எல்லாரும் வருவாங்க. மத்த நாள்ல போனாதான் நிதானமா நின்னு பேச முடியும், பசங்களோட போறதா இருந்தா அதுதான் நல்லது.

அவரைப் பத்தி சொல்லும்போது சட்டசபையோட நிறுத்தாதீங்க. செங்கல்பட்டு பக்கம் கோழியாளம்னு ஒரு கிராமத்துல பொறந்தவரு. 1893-லயே 'பறையன்'னு பேரு வெச்சு பத்திரிகை நடத்தினாரு, எந்த பேரைச் சொல்லி ஊரு ஒதுக்கி வெச்சுதோ அந்த பேரையே மேல அச்சடிச்சு வித்தாரு, அதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும்னு யோசிங்க. அப்புறம் வருஷக்கணக்கா தென்னாப்பிரிக்கா, திரும்பி வந்து சட்டசபை, 1930-ல அம்பேத்கரோட லண்டன் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டவங்க சார்பா இந்தியாவுல இருந்து அங்க போனது இவங்க ரெண்டு பேருதான்.

---

நங்கநல்லூர்_வாசி | சனி, இரவு 10.05

வாசகி மேடம், உங்க எண்ணம் நல்ல எண்ணம்னு புரியுது. ஆனா மனசுல பட்டதை சொல்லணும். பதிமூணு பதினாலு வயசு பசங்களை லீவு நாள்ல இடுகாட்டுக்கு கூட்டிட்டு போறது சரியா? எங்க அபார்ட்மெண்ட்ல பசங்க யாரு என்ன ஜாதின்னே தெரியாமதான் ஒண்ணா விளையாடறாங்க. நாமளே போய் உன் தாத்தா இன்னாரை ரோட்டுல நடக்க விடல, இவன் தாத்தாவை அடிச்சாங்கன்னு சொல்லிக் கொடுத்தா அதுக்கப்புறம் அவங்க அதே மாதிரி விளையாடுவாங்களா? இந்த பயம் எனக்கு நிஜமாவே இருக்கு, யாரையும் புண்படுத்த கேக்கல.

---

புளியந்தோப்பு_73 | சனி, இரவு 10.31

சார் மரியாதையா கேட்டிருக்கீங்க, அதே மரியாதையோட சொல்றேன். உங்க அபார்ட்மெண்ட் பசங்களுக்கு தெரியாம இருக்கலாம். எங்க ஏரியா பசங்களுக்கு ஆறாவது படிக்கும்போதே தெரிஞ்சுடும். வீட்டு அட்ரஸ் சொன்னதும் எதிர்ல இருக்குறவங்க முகம் மாறும் பாருங்க, அங்க தெரிஞ்சுடும். வேலைக்கு இன்டர்வியூ போறப்ப புளியந்தோப்புன்னு சொல்லாத, பெரம்பூர்னு சொல்லுன்னு எங்க அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. அவமானம் என்னன்னு தெரிஞ்ச பசங்களுக்கு அதை எதிர்த்து நின்னவங்க யாருன்னு தெரியலன்னா அது பெரிய அநியாயம் சார். ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சுட்டு வளர்றாங்க.

---

அடையாறு_டீச்சரம்மா | ஞாயிறு, காலை 7.20

நங்கநல்லூர் சார் கேட்டது நியாயமான கேள்விதான், முப்பது வருஷத்துக்கு மேல கிளாஸ்ல நின்னவங்கற முறையில ஒண்ணு சொல்றேன். பசங்களுக்கு குத்த உணர்ச்சியும் வர வேண்டாம், வெறுப்பும் வர வேண்டாம்னா வழி மறைக்கிறது இல்ல, எல்லா ஜாதியிலயும் எல்லா மதத்துலயும் இருந்து யார் யாரு வந்து பக்கத்துல நின்னாங்கன்னு சேத்து சொல்றது. மதுரையில 1939 ஜூலை 8-ஆம் தேதி மீனாட்சி கோயிலுக்குள்ள கக்கனும் மத்தவங்களும் போனப்ப கூட்டிட்டு போனவர் வைத்தியநாத ஐயர். அதுக்காக அவரு சொந்தக்காரங்க கிட்ட பட்டது கொஞ்சமில்ல. வாசகி சொன்ன அந்த மூணு பேருலயும் கோவிந்த பணிக்கர் இருக்காரே, அவருக்கு அந்த ரோட்டுல நடக்க எந்த தடையும் இல்லையே. எல்லா பசங்களும் தன்னை வெச்சுப் பாக்க அங்க ஒரு இடம் இருக்கு.

சரி, இப்ப எங்க பக்கத்து விஷயம். பெண்களை விட்டுட்டு இந்த நடையை போட்டுடாதீங்க வாசகி.

மெரினாவுல விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, ஐஸ் ஹவுஸ், அதை எல்லா பசங்களும் பாத்திருப்பாங்க. அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை வெச்ச இடம்னு சொல்லுவாங்க, 1897-ல விவேகானந்தர் தங்கினாருன்னு சொல்லுவாங்க, ரெண்டும் உண்மை. நடுவுல ஒரு காலம் அது பாலிய விதவைகள் தங்கிப் படிச்ச வீடா இருந்தது நிறைய பேருக்கு தெரியாது. சகோதரி சுப்புலட்சுமி, அவங்களே சின்ன வயசுல விதவையானவங்க, அப்பா அம்மா மொட்டை அடிக்க விடாம படிக்க வெச்சாங்க, 1911-ல பிரசிடென்சியில பட்டம் வாங்கினாங்க. சென்னை ராஜதானியில பட்டம் வாங்கின முதல் இந்து விதவை அவங்கதான். தான் படிச்சதோட நிறுத்தாம மூலையில உக்கார வெச்சிருந்த சின்னச் சின்ன பொண்ணுங்களை கூட்டிட்டு வந்து படிக்க வெச்சு டீச்சர் ஆக்கினாங்க. அந்த பொண்ணுங்க அந்த வீட்டுல இருந்து இறங்கி மெரினா மணல்ல நடந்தாங்க. விதவைப் பொண்ணு வாசலைத் தாண்டினாலே சகுனம் சரியில்லன்னு ஒதுங்கின காலத்துல கடற்கரையில நடந்தாங்க. நீங்க ரோட்டுல நடக்குறதை பத்தி சொன்னதும் எனக்கு முதல்ல இவங்க ஞாபகம்தான் வந்துது.

அப்புறம் அடையாறு. 1917-ல இந்திய மாதர் சங்கம் இங்கதான் ஆரம்பிச்சாங்க, அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா எல்லாரும் சேந்து. நாலே வருஷத்துல, 1921-ல, சென்னை ராஜதானி பெண்களுக்கு ஓட்டு குடுத்துச்சு, இந்தியாவுல மத்த மாகாணங்களுக்கெல்லாம் முன்னாடி. சொத்து இருக்குறவங்களுக்கு மட்டும்தான், அதையும் பசங்க கிட்ட மறைக்காம சொல்லணும். அடுத்து முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர், சட்டசபைக்கு போய் துணைத் தலைவராவே ஆனாங்க, தேவதாசி முறையை ஒழிக்க பேசினாங்க, அந்த சட்டம் முழுசா வர 1947 ஆச்சு. அந்த குடும்பத்துல இருந்து தப்பிச்சு வந்த பொண்ணுங்களுக்கு எந்த ஹாஸ்டல்லயும் இடம் குடுக்கலன்னு ஆரம்பிச்சதுதான் ஔவை இல்லம், இன்னிக்கும் அடையாறுல நடக்குது. குழந்தைங்க தங்கிப் படிக்கிற இடம், திடீர்னு போய் நிக்காம முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிட்டு போங்க.

பெசன்ட் நகர் ஆல்காட் ஸ்கூலும் மறக்காதீங்க. 1894-ல பிரம்மஞான சபை ஆல்காட் ஆரம்பிச்சது, மத்த ஸ்கூல்ல சேத்துக்காத பசங்களுக்குன்னே, ஃபீஸ் இல்லாம.

---

ஆயிரம்விளக்கு_ஏரியா | ஞாயிறு, காலை 9.02

நம்ம ஏரியாவை விட்டுட்டீங்களே. அயோத்திதாச பண்டிதர் பொறந்தது 1845, ஆயிரம்விளக்கு. 1907-ல ராயப்பேட்டையில இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பிச்சாரு, விலையே காலணாதான், அதாவது ஒரு பைசா, கூலி வேலை செய்யறவங்க கையில போய் சேரணும்னு. சித்த வைத்தியரு, தமிழும் பாலியும் தெரிஞ்ச பண்டிதரு, பௌத்த சங்கம் வெச்சாரு. அந்த தெருவுல போனா அவர் இருந்த வீடுன்னு காட்ட ஒண்ணும் இல்ல. ஆனா கிண்டி காந்தி மண்டப வளாகத்துல 2023-ல அவருக்கு மணிமண்டபம் திறந்தாங்க, அதே வளாகத்துல இரட்டைமலை சீனிவாசனுக்கும் மண்டபம் இருக்கு, வ.உ.சி. ஜெயில்ல இழுத்த செக்கும் அங்கதான் வெச்சிருக்காங்க. ஒரே இடத்துல நிழல்ல உக்காந்து பேசணும்னா அதான் பெஸ்ட்.

இன்னொண்ணு. 1920-ல பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சி தலைவரா இருந்தப்ப மதிய சாப்பாடு போட ஆரம்பிச்சது ஆயிரம்விளக்கு மாநகராட்சி ஸ்கூல்லதான். சத்துணவு சாப்பிட்டு படிச்ச பசங்க அந்த தெருவுல நின்னு இதைக் கேட்டா அவங்களுக்கு சட்டுனு ஒட்டும். மெட்ரோ ஸ்டேஷன் வேற வந்துடுச்சு, போறது ஈஸி.

---

பெரம்பூர்_மில்_வாரிசு | ஞாயிறு, காலை 11.15

வடசென்னையில இருக்குறவங்க வடசென்னையில ஆரம்பிக்கணும்னு நானும் சொல்றேன். எங்க தாத்தா பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லுல நெசவுப் பிரிவு, அப்பாவும் அங்கதான், நான் வேலைக்கு போற வயசு வர்றப்போ மில்லு மூடியாச்சு. இப்ப அந்த இடத்துல பெரிய பெரிய அபார்ட்மெண்ட் நிக்குது.

1918 ஏப்ரல் 27, சென்னை தொழிலாளர் சங்கம், இந்தியாவுல ஒழுங்கா அமைச்ச முதல் தொழிற்சங்கம். வாடியா தலைவரு, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு எல்லாரும் இருந்தாங்க. ஆரம்பம் எப்படின்னா பெரிய கொள்கைப் பேச்சு எதுவும் இல்ல, சாப்பாட்டு நேரம் பத்தல, மேஸ்திரி அடிக்கிறான், வெள்ளைக்கார அதிகாரி திட்டுறான், காலையில ரெண்டு நிமிஷம் லேட்டானா கேட்டை மூடிடறாங்க, இதுதான். மனுஷனா நடத்துன்னு கேட்டாங்க, கூலிப் பேச்சு அதோட சேந்து வந்துச்சு.

ஆனா இதை பெருமையா மட்டும் சொன்னா அது பொய்யாயிடும். 1921 ஸ்ட்ரைக்ல என்ன ஆச்சுன்னு சொல்லணும். ஆதிதிராவிடத் தொழிலாளிங்கள்ல பெரும்பாலானவங்க அந்த ஸ்ட்ரைக்ல சேரல. சங்கத்துல அவங்களை யாரு சமமா வெச்சாங்க, மாசக்கணக்குல வேலை இல்லாம இருந்தா அவங்க வீட்டுல அடுப்பு எரியுமான்னு யாரு யோசிச்சாங்க. அது புளியந்தோப்புல கலவரமாச்சு, குடிசைங்க எரிஞ்சுது, போலீஸ் சுட்டுச்சு, செத்தாங்க. தொழிலாளி ஒத்துமைன்னு பேசின அதே இடத்துல ஜாதி நடுவுல வந்து உக்காந்து எல்லாத்தையும் உடைச்சுது. சமத்துவம்னு பேசினவங்களே எங்க தவறினாங்கன்னு காட்டுற இடமும் சம உரிமை வரலாறுதான், பத்தாவதுக்கு மேல படிக்கிற பசங்க கிட்ட தைரியமா சொல்லுங்க, புரிஞ்சுப்பாங்க.

அப்புறம் மெரினாவுல உழைப்பாளர் சிலை, ராய் சௌத்ரி செஞ்சது. 1923 மே 1-ஆம் தேதி சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினது இந்த கடற்கரைப் பக்கமும் ஹைகோர்ட் பக்கமும்தான், இந்தியாவுல முதல் மே தினம்.

---

புளியந்தோப்பு_73 | ஞாயிறு, மதியம் 12.02

மில் வாரிசு அண்ணே, 1921-ஐ பத்தி இவ்ளோ நேரா எழுதினதுக்கு நன்றி. எங்க பாட்டி வழியா நாங்க கேட்ட கதை இதான். வெளிய சொன்னா சங்கத்துக்கு எதிரா பேசறோம்னு சொல்லிடுவாங்களோன்னு யாரும் வாயே திறக்க மாட்டாங்க.

---

டல்லாஸ்_டூ_தாம்பரம் | ஞாயிறு, மதியம் 1.48

நான் கொஞ்ச வருஷமா அமெரிக்காவுல இருக்கேன், லீவுக்கு இப்ப தாம்பரத்துல. அங்க இந்த மாதிரி ஊர் ஊரா போய் பாக்குறது ஒரு பெரிய வழக்கமாவே இருக்கு, ஸ்கூல் பசங்க பஸ் பஸ்ஸா வர்றாங்க. நானும் குடும்பத்தோட அலபாமா, டென்னசி பக்கம் போயிருந்தேன், அதுல இருந்து நமக்கு உதவுற விஷயம் சொல்றேன்.

செல்மாவுல எட்மண்ட் பெட்டஸ் பாலம் இருக்கு. 1965 மார்ச் 7, ஓட்டுரிமை கேட்டு நடந்து வந்த கறுப்பின மக்களை அந்த பாலத்து மேல குதிரைப் போலீஸும் தடியும் கண்ணீர்ப்புகையும் வெச்சு அடிச்சு விரட்டினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப கிளம்பி மான்ட்கோமெரி வரைக்கும் கிட்டத்தட்ட 87 கிலோமீட்டர் நடந்தே போனாங்க. ஆகஸ்ட்ல ஓட்டுரிமைச் சட்டம் வந்துச்சு. இப்ப அங்க போறவங்க பண்றது ஒண்ணே ஒண்ணு, அந்த பாலத்தை நடந்து கடக்குறாங்க, அவ்ளோதான். மேல ஏறும்போது அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது, உச்சிக்கு வந்தாதான் தெரியும். அன்னிக்கு நடந்தவங்களுக்கும் போலீஸ் வரிசை நிக்கிறது அங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். எந்த போர்டும் சொல்லிக் குடுக்காத விஷயம் அது, கால்ல நடந்தாதான் புரியும். அதனால வாசகி அக்கா சொன்ன நடை விஷயத்துக்கு என் முழு ஓட்டு.

மான்ட்கோமெரியில 2018-ல திறந்த நினைவிடம் ஒண்ணு, வெள்ளைக்கார கும்பல் கொன்ன கறுப்பின மக்களுக்காக. 800-க்கு மேல இரும்புத் தூண், ஒவ்வொரு தூணும் ஒரு மாவட்டம் மாதிரி, அந்த ஊர்ல கொல்லப்பட்டவங்க பேரு அதுல செதுக்கியிருக்கும். நடக்க நடக்க தரை கீழ இறங்கிட்டே போகும், தூணெல்லாம் தலைக்கு மேல தொங்கும். வெளிய அதே மாதிரி இன்னொரு செட் படுக்க வெச்சிருக்காங்க, அந்தந்த ஊர்க்காரங்க வந்து எங்க ஊர்ல இது நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு எடுத்துட்டு போய் அவங்க ஊர்ல நிறுத்தணும்னு. நம்ம ஊர்ல இப்படி ஒரு தூணை எந்த ஊரு வந்து எடுத்துட்டு போகும்னு யோசிச்சு எனக்கு அன்னிக்கு சாப்பாடே இறங்கல.

1959-ல மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தப்ப மெட்ராஸும் வந்துட்டு காந்திகிராமம், மதுரை வழியா திருவனந்தபுரம் போனாரு. அங்க ஒடுக்கப்பட்ட பசங்க படிக்கிற ஒரு ஸ்கூல்ல அவரை அமெரிக்காவுல இருந்து வந்த தீண்டப்படாதவர்னு சொல்லி அறிமுகப்படுத்தினாங்களாம். முதல்ல அதிர்ச்சியாகி, அப்புறம் ஆமா நான் அதுதான்னு உணர்ந்தேன்னு அவரே பின்னாடி ஒரு பிரசங்கத்துல சொல்லியிருக்காரு. அங்கயும் இங்கயும் ஒரே சண்டைதான்னு பசங்களுக்கு சொல்ல இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

---

நாகை_மண் | ஞாயிறு, மாலை 5.30

தோழர்களே, பேச்சு இங்க வரும்னு தெரியும். வெண்மணி பத்தி நான் சொல்றேன், எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம். இப்ப இருக்குறது பள்ளிக்கரணை.

கீழ்வேளூர், தேவூர் பக்கம் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி. விவசாயக் கூலிங்க நெல்லுல கொஞ்சம் கூலி கூட கேட்டாங்க, செங்கொடி சங்கத்துல சேந்தாங்க, மிராசுதாருங்க சங்கத்துல சேரு, கொடியை இறக்குன்னு சொன்னப்ப முடியாதுன்னாங்க. அடியாளோட வந்தாங்க, ஜனங்க ஓடினாங்க, ஓட முடியாதவங்க ராமையாவோட குடிசைக்குள்ள போய் கதவை சாத்திக்கிட்டாங்க. வெளிய தாழ் போட்டு கொளுத்தினாங்க. 44 பேரு. பெரும்பாலும் பொம்பளைங்களும் கொழந்தைங்களும். கீழ்க்கோர்ட்டுல தண்டனை ஆச்சு, மேல்முறையீட்டுல மெட்ராஸ் ஹைகோர்ட் மிராசுதாருங்களை விடுதலை பண்ணிடுச்சு, இவ்ளோ நிலம் வெச்சிருக்குற பணக்காரங்க தானே நேர்ல வந்து தீ வெச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலங்கற மாதிரி தீர்ப்புல எழுதினாங்க. சென்னையில இருக்குற நீங்க ஹைகோர்ட் சிவப்புக் கட்டடத்தை தினம் கடந்து போறீங்க, வெண்மணியோட பாதி அங்கதான் நடந்துச்சு. அதை உங்க நடையில சேருங்க.

டல்லாஸ் தம்பி தூண் கதை சொன்னாரு. வெண்மணியிலயும் 44 பேரோட பேரு கல்லுல இருக்கு. ஒவ்வொரு டிசம்பர் 25-ம் எல்லா பக்கமிருந்தும் ஊர்வலமா வர்றாங்க, முழக்கம் போடுவாங்க, அஞ்சலி செலுத்துவாங்க. அன்னிக்கு வாங்க. ஆனா ஒண்ணு தயவு செஞ்சு கேக்குறேன், சுத்திப் பாக்க வர்ற மாதிரி வராதீங்க. அந்த குடும்பங்க இன்னமும் அங்க இருக்காங்க, அவங்க வீட்டு வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்தா நெஞ்சு வேகுது. எட்டாவது பசங்களை கூட்டிட்டு வராதீங்க, அது அவங்க தாங்குற விஷயம் இல்ல. ப்ளஸ் டூ பசங்க வரட்டும், முன்னாடியே சொல்லி தயார் பண்ணிட்டு.

---

நங்கநல்லூர்_வாசி | ஞாயிறு, மாலை 6.14

நாகை_மண் எழுதினதை என் மனைவிக்கு படிச்சுக் காட்டினேன். 1968-ல நாங்க ரெண்டு பேருமே பொறந்தாச்சு, தஞ்சாவூர் ஜில்லாவுலதான் வளந்தோம், எங்க வீட்டுல இது பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. பசங்க கிட்ட மறைக்கிறது வழி இல்லன்னு டீச்சரம்மா சொன்னதை யோசிச்சுட்டிருக்கேன். என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறா. உங்க படிப்பு வட்டத்துப் பசங்களோட வெளியாளுங்க பசங்களும் வரலாமா?

---

சக்கரநாற்காலி_பயணி | ஞாயிறு, இரவு 8.20

நடை நடைன்னு எல்லாரும் எழுதறீங்க, நல்ல விஷயம். நடக்க முடியாதவங்க எப்படி வர்றதுன்னும் பேசணும் இல்லையா? உங்க வட்டத்துலயே இப்ப இல்லன்னாலும் நாளைக்கு ஒரு மாற்றுத்திறனாளி பையன் வருவான். ரோடு எல்லாருக்கும்னு 1924-ல எழுதி வாங்கினாங்க, அந்த ரோட்டு ஓரத்துல நடைபாதை ஒரு அடி உயரமா சறுக்குப் பாதை இல்லாம இருந்தா எனக்கு அது மூடின ரோடுதான். 2016-ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு, அதுக்காகவும் ஆளுங்க வருஷக்கணக்கா தெருவுல உக்காந்து போராடியிருக்காங்க.

மெரினாவுல எங்களுக்காக கடல் கிட்ட வரைக்கும் மரப்பாதை போட்டது 2022-ல. முதல் தடவை அலை கிட்ட போய் நின்னவங்க அழுததை நான் பக்கத்துல இருந்து பாத்தேன், பொறந்ததுல இருந்து சென்னையிலயே இருந்தவங்க அவங்க. போட்ட கொஞ்ச நாள்லயே புயல்ல சேதமாச்சு, திரும்ப சரி பண்ணாங்க. ஐஸ் ஹவுஸ் போறப்ப உழைப்பாளர் சிலையோட இந்தப் பாதையையும் சேத்துக்குங்க, எல்லாம் அதே கடற்கரை ரோட்டுலதான் இருக்கு. பசங்க கிட்ட இதுவும் சம உரிமை கேட்டு வாங்கின இடம்தான்னு சொல்லுங்க.

---

எழும்பூர்_எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, இரவு 9.05

பேரை மட்டும் சொல்லிட்டு ஆளு யாருன்னே தெரியாம நாம கடந்து போற இடம் நிறைய. எழும்பூர்ல சிஎம்டிஏ கட்டடம், தாளமுத்து நடராசன் மாளிகை. 1938 இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்கு போய் 1939-ல செத்தவங்க ரெண்டு பேரும். நடராசன் ஒரு தலித் இளைஞர். புதைச்சது மூலக்கொத்தளத்துல, அதே போராட்டத்துல நின்ன டாக்டர் தருமாம்பாளும் அங்கதான். வியாசர்பாடியில இருந்து பக்கம்.

அதே எழும்பூர்ல கோ ஆப்டெக்ஸ் கட்டடம், தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. தீபாவளிக்கு புடவை எடுக்க போற எல்லாரும் அந்த பேரை படிக்கிறாங்க. தென்னாப்பிரிக்காவுல நம்ம ஆளுங்க மேல போட்ட தலைவரியை எதிர்த்து ஜெயிலுக்கு போன 16 வயசுப் பொண்ணு, ஜெயில்லயே காய்ச்சல் வந்து, வெளிய வந்த கொஞ்ச நாள்ல, 1914 பிப்ரவரி 22-ல செத்துப் போனா. உங்க ப்ளஸ் டூ பசங்க வயசுதான் அவளுக்கு.

---

நாஞ்சில்_வேளச்சேரி | ஞாயிறு, இரவு 9.50

கிணறு பத்தி அரசாணையில வந்துச்சுன்னு சொன்னீங்க. எங்க கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்புல முத்திரிக்கிணறு இருக்கு, அய்யா வைகுண்டர் காலத்துல வெட்டினது, எல்லா ஜாதிக்காரங்களும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்து குளிச்சு குடிச்சது 1830-கள்ல. அங்கதான் தோள்சீலை போராட்டமும், எங்க பாட்டிமாருங்க மார்பை மறைக்கிறதுக்கு சண்டை போட வேண்டி இருந்துச்சு. 1859-ல திருவிதாங்கூர் ராஜா இறங்கி வந்து உத்தரவு போட்டதுக்கு ஒரு காரணம் மெட்ராஸ் கவர்னர் டிரெவெல்யன் குடுத்த நெருக்கடி. கோட்டைக்கு போனா இதையும் சொல்லுங்க. தெக்க வந்தா எங்க வீட்டுல தங்கலாம்.

---

வியாசர்பாடி_வாசகி | திங்கள், காலை 6.55

இவ்ளோ வரும்னு நினைக்கல. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன், ஒரே நாள்ல எல்லாம் முடியாது, முடிக்கவும் கூடாது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம்னு போறேன்.

முதல் நாள் வடசென்னை மட்டும். காலையில மூலக்கொத்தளம், அப்புறம் பெரம்பூர், தொழிலாளர் சங்கக் கட்டடம், மில்லு இருந்த இடம், அங்க மில் வாரிசு அண்ணன் பேசணும், 1921-ஐயும் சேத்து. புளியந்தோப்பு வழியா நடந்து ஓட்டேரி, உரிமைக்களத்துல அரசாணையோட சாரத்தை பசங்களே ஆளுக்கு ஒரு வரி சத்தமா படிக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடலாம். ரெண்டாவது நாள் கடற்கரை ரோடு, ஐஸ் ஹவுஸ், சிலை, மரப்பாதை, ஹைகோர்ட் வாசல், அதுக்கு டீச்சரம்மாவும் சக்கரநாற்காலி தோழரும் வர்றேன்னு சொன்னா பசங்களுக்கு பெரிய விஷயம். முதல் நாள் பாதையிலயும் எந்தெந்த தெருவுல நாற்காலி போகும்னு நாங்க நாலு பேரு முன்னாடியே போய் பாத்துடறோம், போகாத தெருவை விட்டுட்டு எல்லாரும் சேந்து வேற தெருவுல போறோம்.

நங்கநல்லூர் சார், தாராளமா பேத்தியை கூட்டிட்டு வாங்க, நீங்களும் வரணும். சாப்பாடு எங்க வட்டத்து அம்மாக்கள் சமைக்கிறாங்க, எல்லாரும் அதையே ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம்.

வெண்மணிக்கு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மட்டும், டிசம்பர் 25. நாகை_மண் தோழர், அந்த குடும்பங்க கிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்னா மட்டும் சொல்லுங்க.

---

நாகை_மண் | திங்கள், காலை 8.10

கேட்டுட்டு சொல்றேன் தோழர். வர்றதா இருந்தா 24-ஆம் தேதி நைட் காரைக்கால் எக்ஸ்பிரஸ்ல திருவாரூர் வந்துடுங்க, அங்க இருந்து காலையில வண்டி ஏற்பாடு பண்ணிக்கலாம். கிறிஸ்துமஸ் லீவு கூட்டம், டிக்கெட் இப்பவே போட்டாதான் கிடைக்கும். போன் எல்லாம் பையில வெச்சுட்டு ஊர்வலத்துல நடக்கச் சொல்லுங்க.

---

ஆயிரம்விளக்கு_ஏரியா | திங்கள், காலை 9.33

அடுத்த லீவுக்கு வைக்கமும் வெச்சுக்கலாம் அக்கா. பெரியார் நினைவகத்தை புதுப்பிச்சு 2024 டிசம்பர் 12-ல திறந்தாங்க, நூலகமும் இருக்கு. கோட்டயமோ எர்ணாகுளமோ இறங்கி பஸ் பிடிச்சா போயிடலாம், கோயில் பக்கத்துலயேதான். நாலு பக்க ரோட்டுலயும் சுத்தி வரலாம், இப்ப கிழக்குப் பக்கமும் திறந்துதான் இருக்கு.

---

நங்கநல்லூர்_வாசி | திங்கள், காலை 10.20

நாங்க வர்றோம், பேத்தியும் நானும் என் மனைவியும். மூலக்கொத்தளத்துக்கு காலையில எத்தனை மணிக்கு வரணும், எந்த கேட்டு கிட்ட நிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்.